இரண்டு பூட்டு தொங்கும் அறை: துறைத்தலைவருக்கும் இரண்டு பேராசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத்தலைவர் அவர்களுக்கும், பெரிய சாரின் அறையைத் தங்களுக்குத் தரும்படி கேட்டிருக்கும் பேராசிரியர்கள் இருவருக்கும்,

நம் மொழியியல் துறையின் இரண்டாம் மாடியில், மூத்த பேராசிரியர் பெரிய சார் விட்டுப்போன கிழக்குக் கோடி அறை 14 மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. அந்தக் கதவில் இரண்டு பூட்டு தொங்குகிறது. கீழே இருப்பது துறை அலுவலகத்தின் பழைய பித்தளைப் பூட்டு. அதன் சாவி, அறையைக் கேட்கும் இருவரில் ஒருவரான என் நெறியாளரிடம் இருக்கிறது. அதற்கு ஒரு சாண் மேலே புதிதாகக் கொண்டி அடித்து மாட்டியிருக்கும் பூட்டு இன்னொருவரான மேடத்தினுடையது. ஒருவர் தன் பூட்டைத் திறந்தாலும் மற்றவருடைய பூட்டு கதவைப் பிடித்துக்கொள்ளும். பெரிய சாரின் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நான்கு திருகு ஓட்டைகள். அதைச் சுற்றி, மாட்டுவதும் கழற்றுவதுமாகப் போன வாரங்களில் விழுந்த ஓட்டைகள் இன்னும் எட்டு. ஒருநாள் கதவு முன்னால் நின்று எண்ணிப் பார்த்தேன்.

நான் இந்தத் துறையில் ஐந்தாம் ஆண்டு ஆய்வு மாணவர். அந்த அறை எனக்கு வேண்டாம். அதற்குள் இருப்பவைதான் வேண்டும். 212 கேசட், 31 சுருள் நாடா, ஓர் இரும்பு அலமாரி நிறையக் கள நோட்டுகள். பேசுகிறவர்கள் குறைந்துகொண்டே வரும் ஒரு மொழிக்காகப் பெரிய சார் முப்பது வருடம் அலைந்து சேர்த்தவை அவை. அந்த மொழியின் வினைச்சொற்கள்தான் என் ஆய்வு. கேசட்டில் கதை சொல்லும் பெரியவர்களின் வாயில் வரும் சில வினை வடிவங்களை இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் யாரும் பேசுவதில்லை. கதை சொன்னவர்களில் அநேகமாக யாரும் உயிரோடு இல்லை. மறுபடி போய்ப் பதிவு செய்துகொண்டு வரலாம் என்றால் யாரிடம் போவது?

இதை நான் முன்பே சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மூன்று முறை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். முதல் மனுவைத் துறை அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைக் கையெழுத்து வாங்கினேன். இரண்டாவதைத் தபால் பிரிவு வழியாக அனுப்பினேன். மூன்றாவது நினைவூட்டல் கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் இல்லை. மூன்றாவதற்கு வந்த பதில் ஒரே வரி: 'பரிசீலனையில் உள்ளது.' அந்த வரி வந்தும் ஐந்து மாதம் ஆகிவிட்டது. அதனால்தான் இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். துறையின் பெயரையும் உங்கள் பெயர்களையும் எழுதவில்லை. யாருக்கு எழுதுகிறேன் என்பது உங்கள் மூவருக்கும் தெரியும், அது போதும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நல்ல அறைக்கு ஆசைப்படுவது தவறு என்று நான் நினைக்கவில்லை. என் நெறியாளர் 19 வருடமாகப் பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். பகலிலும் டியூப்லைட் போட்டுத்தான் படிக்க வேண்டும். பக்கத்துத் தடுப்பில் யாராவது போன் பேசினால் அவருடைய வகுப்புக் குறிப்பில் அந்தப் பேச்சு வந்து விழும். மேடம் இருப்பது கழிப்பறைக்கு அடுத்த அறை. அதையும் இன்னொரு ஆசிரியரோடு பகிர்ந்துகொள்கிறார். ஆய்வு மாணவர் ஒருவர் உள்ளே போனால் ஒருவர் எழுந்து வெளியே வர வேண்டும். பெரிய சாரின் அறைக்கு இரண்டு பக்கம் ஜன்னல், சுவர் முழுக்கக் கரும்பலகை, மாடிப்படிச் சத்தம் எட்டாத கோடி. அது யாருக்குத்தான் வேண்டாம்?

உரிமையிலும் இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பணியில் முதலில் சேர்ந்தவர் என் நெறியாளர். பேராசிரியர் பதவி முதலில் கிடைத்தது மேடத்துக்கு. எந்தத் தேதியைப் பிடித்து எண்ணுகிறோமோ அதைப் பொறுத்து மூத்தவர் மாறுகிறார். அறை ஒதுக்குவதற்கு எழுதி வைத்த விதி எதுவும் நம் துறையில் இல்லை. இருந்திருந்தால் இந்த விவகாரம் ஒரே நாளில் முடிந்திருக்கும். இது உங்கள் இருவருடைய குறையும் இல்லை. துறைத்தலைவர் அவர்களே, இது துறையின் குறை. இத்தனை வருடம் யாருக்கும் அந்த விதி தேவைப்படவில்லை என்பதால் யாரும் எழுதவில்லை.

ஆனால் அதற்கப்புறம் நடந்தவை விதி இல்லாததால் நடந்தவை என்று சொல்ல முடியாது.

அறையை யாருக்குத் தருவது என்று முடிவு செய்ய மூன்று பேர் கொண்ட குழு போட்டீர்கள். அந்த மூன்று பேரில் இரண்டு பேர் அறையைக் கேட்டவர்களே. மூன்றாமவர், ஓய்வு பெற இன்னும் எட்டு மாதமே இருந்த ஆசிரியர். அவர் யார் பக்கமும் சாயாமல் போய்விட வேண்டும் என்று நினைத்தார். அப்படியே போய்விட்டார். குழு இரண்டு முறை கூடியது என்று கேள்விப்பட்டேன். இரண்டு முறையும் கூட்டக் குறிப்பில் யார் பெயரை முதலில் எழுதுவது என்பதிலேயே நின்றுபோனதாம். தன் வழக்கில் தானே தீர்ப்புச் சொல்லும் இடத்தில் யாரை உட்கார வைத்தாலும் இதுதான் நடக்கும். எவ்வளவு பெரியவர்களுக்கும் இது பொருந்தும். நுண்கணிதத்தை முதலில் கண்டுபிடித்தவர் யார் என்று நியூட்டனுக்கும் லைப்னிட்சுக்கும் தகராறு வந்தபோது, லண்டன் ராயல் சொசைட்டி 1712-இல் ஒரு குழு போட்டது. அப்போது சொசைட்டியின் தலைவர் நியூட்டன். குழுவின் அறிக்கையைப் பெரும்பாலும் எழுதியவரும் அவரேதான். தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. முந்நூறு வருடம் ஆகியும் அந்த அறிக்கையைச் சொல்லும்போதெல்லாம் அதை எழுதியவர் யார் என்பதும் சேர்ந்தேதான் பேசப்படுகிறது. நம் குழுவில் நியாயம் கிடைக்கும் என்று எப்படி எதிர்பார்த்தீர்கள்?

அறை ஒன்றுதான். சண்டை மட்டும் துறை முழுக்கப் பரவிவிட்டது.

புதன்கிழமை மூன்று மணிக்குத் துறைக் கருத்தரங்கம் என்பது நான் சேர்ந்த நாளிலிருந்து பார்த்த வழக்கம். பெரிய சார் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். உங்கள் இருவருடைய மாணவர்களும் கலந்து உட்காருவோம். இன்று அதே புதன்கிழமை, அதே மூன்று மணிக்கு இரண்டு கருத்தரங்கங்கள் நடக்கின்றன. ஒன்று கருத்தரங்கக் கூடத்தில், ஒன்று ஆய்வகத்தில். எதில் போய் உட்காருகிறோம் என்பது நாங்கள் யாருடைய ஆள் என்ற கணக்காகிவிட்டது. 1820-இல் பெர்லினில் ஷோபன்ஹவர் என்ற தத்துவவாதி வேண்டுமென்றே, அப்போது புகழோடு இருந்த தத்துவவாதி ஹெகல் பாடம் நடத்தும் நேரத்திலேயே தன் வகுப்பையும் வைத்தார். வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அங்கே நஷ்டம் ஷோபன்ஹவருக்கு மட்டும்தான். இங்கே இரண்டு கூட்டத்திலும் பாதிப் பாதி ஆட்கள். ஒலியியல் தெரிந்தவர்கள் ஒரு கூடத்தில், இலக்கணம் தெரிந்தவர்கள் இன்னொரு கூடத்தில். போன மாதம் நான் பேசினேன். ஓர் உயிரொலி நெடிலா, இரண்டு குறில் சேர்ந்து வந்ததா என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டு நின்றேன். அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் சுவருக்கு அந்தப் பக்கம் மேடத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். மறுநாள் மாடிப்படியில் அவரைப் பிடித்துக் கேட்டேன். இரண்டே நிமிடத்தில் தீர்ந்தது. சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தார், யாராவது கவனிக்கிறார்களா என்று. எங்கள் இருவரையும் அந்த மாதிரித் திரும்பிப் பார்க்க வைத்தது யார்?

அப்புறம் டி.சி. மீட்டிங், அதாவது ஆய்வு மாணவரின் முன்னேற்றத்தைப் பார்க்கும் ஆய்வுக்குழுக் கூட்டம். என் ஆய்வுக்குழுவில் நெறியாளரும் மேடமும் இருவருமே உறுப்பினர்கள். நான் சேர்ந்தபோது இது எனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்று மற்ற மாணவர்கள் சொன்னார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டிய கூட்டம் இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. முதல் முறை மேடத்துக்கு 'வேறு பணி'. இரண்டாம் முறை நெறியாளர் 'விடுப்பு'. இரண்டு நாளும் இருவரும் துறையில்தான் இருந்தார்கள். கூட்டம் நடக்காமல் முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லாமல் ஃபெல்லோஷிப் உதவித்தொகை வராது. நான்கு மாதமாக எனக்கு ஃபெல்லோஷிப் வரவில்லை. எக்ஸ்டென்ஷன் விண்ணப்பத்தில் 'தாமதத்துக்குக் காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அந்தப் படிவத்தை இரண்டு வாரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் 'தரவு கிடைப்பதில் தாமதம்' என்று எழுதினேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

இதெல்லாம் மனிதர்களுக்குள் நடப்பது. இன்றில்லாவிட்டால் நாளை சரிசெய்துகொள்ளலாம். நாடாக்கள் அப்படிக் காத்திருக்காது. அதைத்தான் நீங்கள் மூவரும் புரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறேன்.

ஒலிநாடாவை 20 டிகிரியைத் தாண்டாத குளிர்ச்சியிலும், 40 சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதத்திலும் வைக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. பெரிய சார் இருந்தவரை அந்த அறையில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. சேரும் தண்ணீரைத் தினமும் சாயங்காலம் அவரே எடுத்துப்போய்க் கொட்டுவார். அறைக்கு ஆள் இல்லை என்றதும் மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். யார் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லையாம். கிழக்கு ஜன்னலின் ஒரு கதவு சரியாகச் சாத்தவில்லை. இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. போன மாதம் நடைபாதையில் ஸ்டூல் போட்டு ஏறி, கதவுக்கு மேலே இருக்கும் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கீழ்த்தட்டில் இருந்த கேசட் பெட்டிகளின் முதுகில் பெரிய சார் பச்சை மையில் எழுதிய எண்கள் ஊறிப் பரவியிருந்தன. அடுத்த தட்டில் பெட்டிகளுக்கு உள்ளே, நாடாச் சுற்றின் விளிம்பில், மாவு தூவியது மாதிரி வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. அது பூஞ்சை. ஸ்டூலிலிருந்து இறங்கியதும் கொஞ்ச நேரம் அங்கேயே சுவரோடு சாய்ந்து நின்றேன்.

பூஞ்சையைக்கூட ஓரளவு துடைத்து எடுக்கலாம். அதைவிடப் பயம் சுருள் நாடாக்களைப் பற்றி. காந்தத் துகளை நாடாவோடு பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சினால் சிதைந்துபோகும். 1970, 80களில் வந்த சில சுருள்களில் இது அதிகம். அப்படிச் சிதைந்ததை இயந்திரத்தில் ஓடவிட்டால், ஒலியைத் தாங்கிய அந்தப் படலமே பிசினாக உரிந்து, ஒலியைப் படிக்கும் இயந்திரத் தலையில் ஒட்டிக்கொள்ளும். கேட்கப் போய், கேட்க வேண்டியதையே அழித்துவிடுவோம். நாடா நன்றாக இருந்தாலும் ஓட்டுவதற்கு இயந்திரம் வேண்டும். பிலிப்ஸ் 1963-இல் கொண்டுவந்த கேசட்டுக்கு இன்று அதை ஓட்டும் நல்ல டெக் ஒன்றைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. உதிரிப்பாகம் அதைவிட. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-லேயே எச்சரித்தது: 2025-க்குள் டிஜிட்டலாக மாற்றாத நாடாக்கள் பெரும்பாலும் போனதுதான் என்று. யுனெஸ்கோவும் சர்வதேச ஒலி, ஒளி ஆவணக் காப்பகச் சங்கமும் 2019-இல் இதையே உலகம் முழுக்கச் சொல்ல ஒரு திட்டம் தொடங்கின. அவர்கள் கெடு வைத்த காலத்தில்தான் நம் துறையில் ஒரு கதவுக்கு இரண்டு பூட்டு விழுந்தது.

அறை பெரியதாக இருந்தால்தான் வேலை நடக்கும் என்பதை நம் துறைக்காரர்கள் நம்புவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் நாம் படிக்கும் மொழியியலுக்கே இதற்கு நேர்மாறான வரலாறு உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 20-ஆம் எண் கட்டடம் என்று ஒன்று இருந்தது. 1943-இல், போர்க்காலத்தில், ரேடார் ஆராய்ச்சிக்காக அவசரமாக மரத்தில் எழுப்பியது. போர் முடிந்ததும் இடித்துவிட வேண்டும் என்றுதான் திட்டம். கோடையில் புழுக்கம், குளிர்காலத்தில் நடுக்கம், ஒழுங்கில்லாத அறை எண்கள். அந்தக் கட்டடத்தில்தான் மொழியியலாளர்கள் மாரிஸ் ஹாலியும் நோம் சாம்ஸ்கியும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் வருடக்கணக்கில் இருந்தார்கள். நமக்கு வகுப்பில் நடத்தும் ஒலியனியலும் (ஒலிகளின் அமைப்பு) தொடரியலும் (வாக்கியங்களின் அமைப்பு) பெருமளவு அங்கே உருவானவை. சுவரில் ஓட்டை போட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதுதான் அங்கிருந்தவர்கள் கடைசிவரை நினைத்துப் பேசிய வசதி. சக்கரையாஸ் என்ற இயற்பியலாளர் தன் அணுக் கடிகாரம் நிற்பதற்கு உயரம் போதவில்லை என்று மேல்தளங்களையே அறுத்துத் திறந்தார். 1998-இல் அதை இடிக்கும் வரை அதை யாரும் அழகான கட்டடம் என்று சொன்னதில்லை.

அங்கே இருந்தது அண்மை. அதே எம்.ஐ.டி.யில் தாமஸ் ஆலன் என்பவர் 1970களில் ஆராய்ச்சிக் கூடங்களில் யார் யாரோடு எவ்வளவு பேசுகிறார்கள் என்று அளந்தார். மேசைகளுக்கு நடுவில் தூரம் கூடக்கூடப் பேச்சு மளமளவென்று குறைகிறது. முப்பது மீட்டருக்கு மேல் போனால் கிட்டத்தட்ட நின்றேபோகிறது. ஆக, அறை எங்கே இருக்கிறது என்பது முக்கியமான விஷயம்தான். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதற்காக முக்கியம். நீங்கள் இருவரும் இந்த 14 மாதத்தில் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் இருக்க ஆளுக்கொரு மாடிப்படியைப் பயன்படுத்துகிறீர்கள்.

பெரிய மனிதர் விட்டுப்போன அறை என்பதால் அது யாருக்குப் போகிறது என்பதற்கு ஒரு மதிப்பு வந்துவிடுகிறது. அதுவும் எனக்குப் புரிகிறது. ஐன்ஸ்டைன் 1955 ஏப்ரல் 18 அன்று இறந்தார். அன்றைக்கே ரால்ஃப் மோர்ஸ் என்ற புகைப்படக்காரர் பிரின்ஸ்டனில் அவருடைய அறையைப் படம் எடுத்தார். காகிதம் குவிந்த மேசை, பின்னால் சமன்பாடுகள் எழுதிய கரும்பலகை. அந்தப் படத்தை இன்றும் உலகமே பார்க்கிறது. அந்த அறை யாருக்குப் போனது? ஆர்னே பியூர்லிங் என்ற ஸ்வீடன் கணிதவியலாளருக்கு. அவர் அதில் உட்கார்ந்து கணிதம் செய்தார். கணிதத்துக்கு வெளியே அந்தப் பெயரைத் தெரிந்தவர்கள் குறைவு. ஐன்ஸ்டைனின் நாற்காலி இருந்த இடம் கிடைத்ததால் யாரும் ஐன்ஸ்டைனாக எண்ணப்படவில்லை. பெரிய சாரின் அறை யாருக்குக் கிடைத்தாலும் அவருடைய இடம் கிடைத்ததாக எங்களில் யாரும் எண்ணப்போவதில்லை. அவருடைய இடம் அந்த 212 கேசட்டில் இருக்கிறது.

இனிச் சொல்லப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன்.

அந்தத் தொகுப்பிலிருந்து எனக்கு வெளியே கிடைத்தது ஒரே ஒரு கேசட்டின் நகல். நான் சேர்ந்த வருடம் பெரிய சார் பழகுவதற்காகக் கொடுத்தது. ஒரு பாட்டி மழையின் வகைகளைச் சொல்லிக்கொண்டு போகிறார். தூரத்தில் சேவல் கூவுகிறது. நடுநடுவே பெரிய சார், "இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்கிறார். அந்தக் கேசட்டை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். பாட்டியின் சொற்களைத்தான் கேட்டேன், பின்னால் வரும் பேச்சைக் காதில் வாங்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் ராத்திரி ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டபோதுதான் பிடிபட்டது. மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஓர் இளம் ஆண்குரல் கிசுகிசுப்பாகக் கேட்கிறது: "நாடா எவ்வளவு இருக்கு?" ஒரு பெண்குரல் சொல்கிறது: "ரெண்டு நிமிஷம். நீ கையை ஆட்டாம பிடி." பாட்டி ஏதோ கேட்கிறார். பெரிய சார் மொழிபெயர்க்கிறார்: இந்தப் பிள்ளைகள் இரண்டும் அண்ணன் தங்கையா என்று கேட்கிறார். மூன்று பேரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பின் நடுவில் நாடா தீர்ந்துவிடுகிறது.

சார், மேடம், அந்தக் குரல்கள் இரண்டும் உங்களுடையவை. உங்கள் இருவருக்கும் அப்போது என் வயதுதான் இருக்கும். இருவரும் பெரிய சாரின் மாணவர்கள். இருவரும் அந்த அறையில்தான் ஆய்வேட்டை எழுதினீர்கள். இந்தத் தொகுப்பில் எத்தனை கேசட்டில் உங்கள் குரல் இருக்கிறது என்பது உங்களுக்கே நினைவிருக்காது. எனக்கு எப்படித் தெரியும்? அவை பூட்டுக்குள் இருக்கின்றனவே.

போன மாதம் பெரிய சாரிடம் போனில் பேசினேன். கேசட்டெல்லாம் டிஜிட்டலாக மாற்றியாகிவிட்டதா என்று கேட்டார். சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டுத்தானே வந்தேன் என்றார். வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று சொன்னேன். அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது. இரண்டாவது பொய் சொல்ல எனக்கு மனம் இல்லை.

ஆய்வு மாணவர் துறை விவகாரத்தில் தலையிடலாமா என்று கேட்பீர்கள். அறை ஒதுக்கீட்டில் எனக்கு எந்த வேலையும் இல்லை. ஆனால் உள்ளே இருப்பது துறையின் ஆவணம். அது யாருடைய சொந்தச் சொத்தும் இல்லை. கேசட்டில் பேசிய மனிதர்கள் தங்கள் கதைகளை நம்பிக் கொடுத்தது, அவர்கள் காலத்துக்குப் பிறகும் யாராவது கேட்பார்கள் என்றுதான். என் நெறியாளரை எதிர்த்து எழுதுகிறேன் என்றும் சிலர் சொல்வார்கள். அவரிடம் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் இந்த மடலையே எழுத முடிகிறது. தரவைக் காப்பாற்றுவது ஆய்வாளரின் முதல் கடமை என்று எனக்கு முதல் வகுப்பில் சொன்னவர் அவர். களத்தில் நோட்டைப் பத்திரமாக வைப்பது எப்படி என்று எனக்குக் காட்டித் தந்தவர் மேடம். இருவர் மேலும் எனக்கு மரியாதை குறையவில்லை.

இனி என் கோரிக்கைகள்.

துறைத்தலைவர் அவர்களே, இந்த மடல் உங்களுக்குக் கிடைத்த ஏழு நாளுக்குள் இரண்டு பூட்டும் எடுக்கப்பட வேண்டும். நூலகர், நீங்கள், ஆய்வு மாணவர் பிரதிநிதி ஒருவர் ஆகியோர் முன்னிலையில் கதவைத் திறந்து, உள்ளே உள்ள ஒவ்வொரு நாடாவையும் நோட்டையும் பட்டியல் எடுத்து, அதன் நிலையைக் குறித்து, மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அறையைக் கேட்டிருக்கும் இருவரும் அன்று அங்கே இருந்தால் சந்தோஷம். எது எந்த ஊர்ப் பதிவு என்று அவர்களால்தான் சொல்ல முடியும். ஆனால் யாராவது ஒருவர் வரவில்லை என்பதற்காகத் திறப்பது நிற்கக் கூடாது.

பட்டியல் எடுத்த அன்றே நாடாக்கள் அந்த அறையை விட்டு வெளியே வர வேண்டும். நூலகத்தில் குளிரூட்டிய ஓர் அறையில் மூன்று அலமாரிக்கு இடம் இருக்கிறது என்று விசாரித்து வைத்திருக்கிறேன். பூஞ்சை பிடித்தவற்றைத் தனியாக வைக்க வேண்டும். தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லும் வரை எந்தச் சுருளையும் யாரும் ஓட்டிப் பார்க்கக் கூடாது. டிஜிட்டலாக மாற்றும் வேலைக்கு ஒரு பொறுப்பாளரும் கெடுவும் எழுத்தில் வேண்டும்.

அறையை யாருக்குத் தருவது என்பதை, அறையைக் கேட்காத மூன்று பேர் முடிவு செய்யட்டும். அவர்களில் ஒருவர் வேறு துறையைச் சேர்ந்தவராக இருக்கட்டும். மூப்பு என்றால் எந்தத் தேதி, மாணவர் எண்ணிக்கைக்கு எவ்வளவு எடை, காலியான அறையை எத்தனை நாளுக்குள் ஒதுக்க வேண்டும் என்று முதலில் விதியை எழுதி எல்லோரும் பார்க்க ஒட்டட்டும். அதன்படி ஒரு மாதத்துக்குள் முடிவைக் காரணத்தோடு அறிவிக்கட்டும். அறை கிடைக்காதவருக்கும் ஜன்னல் உள்ள ஓர் இடம் கிடைக்க வேண்டும் என்பதையும் அதே முடிவில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். 19 வருடம் தடுப்புக்குப் பின்னால் இருந்தது போதும். கழிப்பறைக்கு அடுத்த அறையில் இருந்ததும் போதும்.

புதன்கிழமைக் கருத்தரங்கம் மறுபடி ஒன்றாக வேண்டும். ஒன்றாக முடியாது என்றால் ஒன்றை வியாழக்கிழமைக்கு மாற்றுங்கள். நாங்கள் இரண்டுக்கும் வருகிறோம்.

இந்த மடலுக்காக என் மேலோ, மாடிப்படியில் எனக்குப் பதில் சொன்ன மாணவர் மேலோ, வேறு எந்த ஆய்வு மாணவர் மேலோ கையெழுத்தை நிறுத்துவது, மதிப்பீட்டைக் குறைப்பது போன்ற எதுவும் நடக்காது என்று துறைத்தலைவர் எழுத்தில் உறுதி தர வேண்டும்.

கடைசியாக, சாருக்கும் மேடத்துக்கும். என் டி.சி. மீட்டிங்குக்கு இந்த மாதத்தில் ஒரு தேதியை இருவரும் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். ஒரே மேசைக்கு எதிரெதிரே ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். அந்தக் கேசட் நகலையும் ஹெட்ஃபோனையும் கொண்டுவருகிறேன். டெக் ஒன்று என்னிடம் இருக்கிறது. பெல்ட் மாற்றி, தலையைத் துடைத்துத் தயாராக வைத்திருக்கிறேன். கதவு திறந்த நாளிலேயே வேலையைத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் துறையின் ஐந்தாம் ஆண்டு ஆய்வு மாணவர்